அன்பளிப்புன்னு போடாதேங்கோ

எங்கள் ஐயர் தட்சிணை வாங்காமல் ஒரு வீட்டுப் படியையும் இறங்கியதில்லை. பணக்கார வீடு, இல்லாத வீடு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. காரியம் முடிந்ததும் எழுந்து நிற்பார். வெற்றிலை பாக்குத் தட்டு வருகிறவரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். வெறும் வெற்றிலை பாக்கு மட்டும் வந்தால், "தட்சிணை?" என்று ஒரே வார்த்தை. கல்யாண வீடாக இருந்தால் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை.

"மந்திரம் சொன்னாருன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம்ப்பா. ஆனா ஆளுக்குக் காசுல கண்ணு" என்று ஊரில் சொல்வார்கள்.

எனக்குக் காரைக்குடியில் நாட்டு மருந்துக் கடை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஓமத்துக்கான சுள்ளி, நவதானியம், மஞ்சள், குங்குமம், சாம்பிராணி எல்லாம் என் கடையில்தான் எடுப்பார்கள். கல்யாணம், புதுவீடு புகுவது, கருமாதி, வருஷத் திதி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் ஐயர் முதல்நாளே வந்து சாமான் சொல்லிவிட்டுப் போவார். அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்த பழக்கம். பேர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஐயர், சாமி, அவ்வளவுதான்.

கட்டையான ஆள். பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். பின்னால் தர்ப்பைக் கட்டு. சைக்கிளுக்கு மணி கிடையாது, அவர் தொண்டையே போதும். "ஓரம், ஓரம்" என்பார். ஆடு மாடுகூட ஒதுங்கும்.

காரியத்தில் குறை வைப்பது என்பது அவருக்குத் தாங்காது. ஒரு சமயம் அரியக்குடியில் புதுவீடு புகுந்தார்கள். ஓமம் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஐயரும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். உச்சி வெயில். வீட்டில் எல்லோரும் படுத்துத் தூங்கிவிட்டார்கள். திடீரென்று கதவைத் தட்டுகிற சத்தம். வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தால் ஐயர் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

"என்ன சாமி, நாங்க ஏதும் பாக்கி வச்சுட்டமா?"

"நீங்க இல்லை, நான் வச்சுட்டேன். ஒரு கரண்டி நெய். அக்னி அணைஞ்சுடுத்தா?"

ஓமகுண்டத்துச் சாம்பலைக் கிளறி, தணலை ஊதி, விட்டுப்போன அந்த ஒரு ஆகுதியைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "மனசு நிறைஞ்சுதா?" என்று கேட்டாராம். நிறைந்தது என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் சைக்கிளை எடுத்தாராம்.

இன்னொரு வீட்டில் மேஸ்திரி ஒருவர், கொத்தனாருக்கும் தச்சருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த கையோடு, "ஐயருக்குக் கூலி எம்புட்டு?" என்று கேட்டுவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஐயருக்கு முகம் சுண்டிப்போயிற்று. காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டு, தட்சிணையும் வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகத்தான் போனார். "கூலியாமே, கூலி" என்று என் கடை வாசலில் நின்று அவராகவே பேசிக்கொள்வார். அந்த ஒரு சொல் அவருக்கு முள்.

அவர் வீட்டில் குடைகளுக்குப் பஞ்சமே இருக்காது. கருமாதிக்குக் குடை தானம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். செத்துப்போனவர்கள் போகிற வழியில் வெயில் படக்கூடாது என்று. வருகிற குடையை எல்லாம் என்ன செய்வார்? மழைக்காலத்தில் நனைந்துகொண்டு போகிற யாரைப் பார்த்தாலும் கூப்பிட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார். ஐப்பசி அடைமழையில் அவர் தெருவில் பாதிப்பேர் யாரோ ஒரு செத்தவர் குடையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

இப்படிப்பட்ட மனுஷன் தட்சிணை என்று வந்தால் மட்டும் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கும் புரியவில்லை. என் தாயார் காலமானபோது எங்கள் நிலைமை மோசம். வைத்தியத்துக்கே எல்லாம் போய்விட்டது. ஐயர் வந்து ஒரு குறையும் இல்லாமல் காரியம் செய்தார். அரிசி, காய்கறி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, "குழந்தைகளுக்கு ஆகும், உள்ளே வையுங்கோ" என்று சொல்லிவிட்டார். ஆனால் எழுந்து நின்றுகொண்டு, "தட்சிணை?" என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. சொன்னேன். அவர் நகரவில்லை. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரி, அம்மாவுக்கு மருந்து வாங்க என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த நாலணாவை அவிழ்த்துத் தட்டில் வைத்தாள். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

"மூட்டை அரிசிய விட்டுட்டு நாலணாவுக்கு நிக்கிறாரே, இது என்ன கணக்கு?" என்றார் என் மாமா.

அது என்ன கணக்கு என்பது வரி ஆபீசிலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஊரில் ஒரு பெரிய செட்டியார் வீட்டில் அறுபதாங் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கம் அதைச் சாந்தி என்போம். ஊரே சாப்பிட்டது. இவ்வளவு செலவுக்குப் பணம் ஏது என்று வரி ஆபீசில் செட்டியாரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டில் உப்புக்குக்கூடக் கணக்கு இருக்கும். எடுத்துக் காட்டிவிட்டார். அதில் ஐயருக்குக் கொடுத்த தட்சிணையும் இருந்தது. ஒரு வீட்டில் இவ்வளவு என்றால் இந்த ஐயர் வருஷத்துக்கு எத்தனை வீடு போகிறார், எப்போதாவது வரி கட்டியிருக்கிறாரா என்று பார்த்திருக்கிறார்கள். வரி என்று ஒன்று தனக்கு உண்டு என்பதே ஐயருக்குத் தெரியாது.

செட்டியாருக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம கணக்கால ஐயருக்கு வந்த வினை" என்று தன் ஆடிட்டரையே வரவழைத்தார். துணைக்கு என்று ஐயர் என்னையும் கூட்டிப்போனார். அந்த வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஆடிட்டர் விளக்கமாகச் சொன்னார்.

"சாமி, நீங்க இவ்வளவு வேணும்னு கேட்டு வாங்குறதில்லை. ரேட்டு கிடையாது. அவங்களா மனசு வச்சுக் குடுக்குறது. சரிதானே? உங்க மேல உள்ள மரியாதைக்கு, பிரியத்துக்குக் குடுத்தாங்கன்னா அது அன்பளிப்பு. அதுக்கு நீங்க வரி கட்ட வேண்டாம். நீங்க செஞ்ச பூசைக்காகக் குடுத்தாங்கன்னா அது வருமானம். கட்டாம விட்ட வருஷத்துக்கும் சேத்துக் கட்டணும். ஆபீசர் கேப்பார். அன்பளிப்புன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும். குடுத்த வீட்டுக்காரங்க கொஞ்சம் பேர்கிட்ட, பிரியத்துல குடுத்தோம்னு நான் எழுதி வாங்கிக்கிறேன்."

ஐயர் கையிலிருந்த நோட்டீசை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

செட்டியார் வீட்டு ஆச்சி தூணோரம் நின்றுகொண்டு சொன்னார்: "என்ன சாமி யோசிக்கிறீக? ஆவணியில மக கல்யாணத்த வச்சிருக்கீக. சேத்து வச்சத ஆபீசுல கொண்டுபோய்க் கொட்டப் போறீகளா? ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வாங்க."

அதுதான் விஷயம். ஐயருக்கு ஒரே மகள். கும்பகோணம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து, நாளும் குறித்தாகிவிட்டது. நகைக்கும் பாத்திரத்துக்கும் என்று அவரும் அவர் வீட்டு மாமியும் வருஷக்கணக்காகச் சேர்த்தது இருந்தது. வரி என்று வந்தால் அதைத்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஐயர் வந்தார். ஆடிட்டர் எழுதிக் கொடுத்த தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேனா என்று கேட்டார்.

"இனிமேத்தான் சாமி."

"போடாதேங்கோ."

"ஏன் சாமி? பிரியம் இல்லாமயா குடுத்தோம்?"

"பிரியம் இருக்கட்டும். உங்க அம்மாவுக்குக் காரியம் பண்ணினமே, உங்காத்துக்காரி நாலணா எடுத்து வச்சா. அது என்ன? என் மேல பிரியமா? அன்னிக்கு என்னை அடிச்சு விரட்டணும்னுதானே அங்கே அத்தனை பேருக்கும் இருந்தது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தட்சிணை குடுக்கற வரைக்கும் நான் சொன்ன மந்திரம் எல்லாம் என்கிட்டயேதான் இருக்கு, கடைக்காரரே. தட்சிணையைக் குடுத்துத்தான் காரியம் பண்ணிக்கற யஜமானர் அதைத் தன்னுதா வாங்கிக்கிறார். அப்புறம்தான் அது போகவேண்டிய இடத்துக்குப் போகும். அந்த நாலணாவை எனக்கு வந்த அன்பளிப்புன்னு இப்ப நான் சொன்னா, உங்கம்மா காரியத்துக்குத் தட்சிணை யார் குடுத்தா? யாரும் குடுக்கலைன்னு ஆயிடுமே. காரியம் அந்தரத்துல நிக்குமே."

அவர் மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. "சாமி, அது ஆபீசுல சொல்றது. மனசுல தட்சிணைன்னு நெனச்சுக்கிட்டு வாயில மட்டும் அன்பளிப்புன்னு சொல்லிட்டு வாங்களேன்" என்றேன்.

"என் பிழைப்பே வாயாலதானே நடக்கறது. வாயால சொன்னா நடந்துடும்னுதானே எல்லாரும் என்னைக் கூப்பிடறேள்? உங்காத்துல சொன்னா நடக்கும், ஆபீஸ்ல சொன்னா நடக்காதா? ஒரு வார்த்தைதான்னு ஆச்சி சொல்றா. அந்த ஒரு வார்த்தையில எத்தனை ஆத்துக் கல்யாணம், எத்தனை ஆத்துத் திதி அவுந்து போறது பாருங்கோ."

சொல்லிவிட்டு, கடையில் கிடந்த தர்ப்பைக் கட்டை எடுத்து வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவணிக்கு நாள் பார்த்ததும் நான்தான். எனக்குத் தெரியாதா?" என்றார். அந்தத் தாளை மடித்து அப்படியே வைத்துவிட்டேன்.

வரி ஆபீசுக்கு நானும் போனேன். ஆபீசர் வெளியூர்க்காரர், சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர். ஐயர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்ததைப் பார்த்து எழுந்து நாற்காலி காட்டினார். பணம் எவ்வளவு வரும், வேட்டி துண்டு எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "வேற என்ன குடுப்பாங்க?" என்றார்.

"குடை" என்றார் ஐயர்.

"குடையா? எத்தனை வரும்?"

"யார் எப்பப் போவான்னு நான் எப்படிச் சொல்றது?"

ஆபீசர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ஆடிட்டருக்கு அந்தச் சிரிப்பில் தெம்பு வந்துவிட்டது. இவர் கேட்டு வாங்குவதில்லை, எல்லாம் மரியாதைக்குக் கொடுத்தது, அன்பளிப்புதான் என்று அழகாக எடுத்துச் சொன்னார். ஆபீசர் ஐயர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க பெரியவரே. அன்பளிப்புதானா?"

"தட்சிணை."

"அதாவது, நீங்க செஞ்ச பூசைக்காகக் குடுத்தது?"

ஆடிட்டர் இருமினார். ஐயர், "ஆமா" என்றார்.

ஆபீசர் உடனே எழுதிவிடவில்லை. "பெரியவரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மரியாதைக்குக் குடுத்ததுன்னா ஒரு மாதிரி. வேலைக்குக் குடுத்த கூலின்னா ஒரு மாதிரி. கூலிங்கிறீங்களா?"

"கூலி இல்லை."

"அப்ப அன்பளிப்பு."

"அதுவும் இல்லை. தட்சிணை."

"எனக்கு ரெண்டு வழிதாங்க இருக்கு. மூணாவது சட்டத்துல இல்லை."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பிள்ளையாரப்பா, இந்த மனுஷனைக் கைவிட்டுறாத என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எதைச் சொல்லவேண்டும் என்று வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. பெண் கல்யாணமும் கண்ணில் தெரிகிறது, என் தாயாரும் கண்ணில் தெரிகிறாள்.

ஐயர் நிமிர்ந்தார். அந்தக் கணீர் குரல் இல்லை. எதிரே இருந்தவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

"அப்போ கூலின்னே போட்டுக்கோங்கோ. அன்பளிப்புன்னு மட்டும் போடாதேங்கோ."

ஆபீசர் எழுதிக்கொண்டார். பஸ் செலவு, சைக்கிள் ரிப்பேர், தர்ப்பை என்று கழிக்க முடிந்ததை எல்லாம் அவரே கேட்டுக் கேட்டுக் கழித்தார். அவரைக் குறை சொல்லக்கூடாது. அப்படியும் வந்த தொகை பெரிய தொகைதான்.

வெளியே வந்ததும் ஆடிட்டர் பொரிந்து தள்ளிவிட்டார். "உங்களை மாதிரி நாலு பேர் கெடச்சா நான் ஆபீசை இழுத்து மூடிட்டுப் போயிரலாம் சாமி! வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டேன், திரும்பி உள்ள போறீங்களே!" ஐயர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இது எதுக்கு? செட்டியார் பாத்துக்குவாரு."

"எனக்காகக் காரியம் பண்ணினேளே. தட்சிணை."

"காரியம்தான் நடக்கலையே சாமி!"

"நடந்துடுத்து" என்றார் ஐயர். ஆடிட்டர் ரூபாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார்.

வீட்டில் மாமி நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்னன்னு சொன்னேள்?" என்று கேட்டார்.

"தட்சிணைன்னுதான் சொன்னேன். அவா கூலின்னு போட்டுண்டா."

மாமி அவர் தோளிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார். "பின்னே, நீங்க வேற என்ன சொல்லுவேள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொல்லையில் கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. அந்த வேளையில் தண்ணீர் இறைக்கிற வேலை ஒன்றும் இருக்காது. வெகுநேரம் இறைத்துக்கொண்டிருந்தார்.

சேர்த்து வைத்தது போயிற்று. ஆவணி முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. தை வரைக்கும் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு மேல் பார்க்க மாட்டார்கள் என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது. செட்டியார் தானே வந்து, வரிப்பணத்தை நான் தருகிறேன் என்றார். "வாங்கினா அதுக்கும் அடுத்த வருஷம் நோட்டீஸ் வருமே" என்று ஐயர் சிரித்துத் தட்டிவிட்டார். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் எல்லாம் ஓய்வில்லாமல் ஓடினார். வந்தது மீதி வரித் தவணைக்கே சரியாக இருந்தது.

மார்கழி பிறந்தது. எங்கள் பக்கம் மார்கழியில் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள், புதுவீடு புகமாட்டார்கள். ஐயருக்கு வீடுகளில் வேலையே இருக்காது. அந்த மாதத்தில் ஒருநாள் காலையில் ஆச்சி ஆள் அனுப்பி என்னையும் என் வீட்டுக்காரியையும் கூப்பிட்டார். போனால் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். ஐயரைக் காசுல கண்ணு என்று பேசின ஆட்களும் அதில் உண்டு. நான் சொன்ன நாலணாக் கதை வீடு வீடாகப் போயிருந்தது. எல்லோருமாக ஐயர் வீட்டுக்குப் போனோம். ஆச்சி எவர்சில்வர் பாத்திரங்களும் ஒரு பட்டுப் புடவையும் எடுத்துவந்திருந்தார். பெண் கழுத்துக்கு ஒரு சங்கிலியும் இருந்தது. என் வீட்டுக்காரி ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஐயர் வெளியே வந்து பார்த்துத் திகைத்தார். "எதுக்கு இதெல்லாம்?"

"சும்மா" என்றார் ஆச்சி.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். இது மார்கழி மாசம். எங்க யாரு வீட்டுலயும் நீங்க ஒரு காரியமும் செய்யல. அப்ப இது தட்சிணையும் இல்ல, கூலியும் இல்ல. இதுக்கு என்ன பேருன்னு ஆபீசுல போய்ச் சட்டம் பேசினீகளே, நீங்களே சொல்லுங்க சாமி."

பதில் ஐயருக்குத் தெரியும், ஆபீசில் போடாதேங்கோ என்ற அதே வார்த்தைதான். மாமி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டது.

என் வீட்டுக்காரி முன்னால் போய்க் குடத்தை நீட்டினாள். ஐயர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எது வாங்கினாலும் வாங்கினவுடன் அதற்கென்று ஒரு மந்திரம் சொல்லி ஆசீர்வாதம் செய்வது அவர் வழக்கம். பசுவுக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்று, எள்ளுக்கு ஒன்று உண்டு. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. குடத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலையேம்மா" என்றார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் சாமி" என்றாள் அவள். "வாங்கிக்கிருங்க."